காயாத எண்ணெய்

ஒபர்வில்லியேயில் இருக்கும் பட்டறையிலிருந்து பேருந்தில் வந்து, ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் வீடு இருக்கும் நான்காம் மாடிக்கு ஏறியபோது சிவாஜினியின் கையில் பழைய கம்பளியில் சுற்றிய மரக்கட்டை ஒன்று இருந்தது. மாசி மாதம். பிற்பகலிலேயே படிக்கட்டு இருண்டுவிட்டது.

அது ஒரு வேட்டைத் துப்பாக்கியின் பிடிக்கட்டை. இரும்பு எதுவும் அதில் இல்லை. வால்நட் மரத்தில், ஒரு டாக்டரின் தோளுக்கும் கன்னத்துக்கும் அளவெடுத்துச் செதுக்கியது. அவள் வேலை செய்யும் பட்டறையில் வெப்பமூட்டி பழுதாகியிருந்தது. குளிரில் எண்ணெய் காயாது. வீட்டில் வைத்து முடித்துக்கொண்டு வரும்படி பட்டறைக்காரி ரோசாலி சொல்லியிருந்தாள். ரோசாலி பாண்டிச்சேரிக்காரி. வேதியியல் படித்துவிட்டு வேலையில்லாமல் இருந்த சிவாஜினியை, அதிகம் பேசமாட்டாள் என்பதற்காகவே சேர்த்துக்கொண்டதாகச் சொல்வாள்.

வீட்டில் நன்றாகச் சூடேறுவது அண்ணாவின் அறை.

அண்ணா கீர்த்தனன் அந்த அறையில் ஒருநாளும் படுத்ததில்லை. 2009 சித்திரையில் வன்னியிலிருந்து ஒருமுறை தொலைபேசியில் பேசினான். பிறகு செய்தி இல்லை. நான்கு ஆண்டுகளாக அம்மா அவனுடைய கட்டிலுக்கு விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தாள். அவளை எழுப்பி, நடத்தி, சமைக்க வைத்தது அந்த ஒரு நம்பிக்கைதான். எபினேயில் இருக்கும் மாமா இராஜதுரை ஒருமுறை, பிள்ளைக்குச் செய்யவேண்டியதைச் செய்துவிடலாம் என்று மெதுவாகத் தொடங்கினார். அம்மா அவர் கையிலிருந்த தேநீரைத் திரும்ப வாங்கினாள்.

"உயிரோட இருக்கிற பிள்ளைக்கு எள்ளும் தண்ணியும் இறைக்கச் சொல்லுறியோ?"

மாமா அதன்பிறகு வரவில்லை.

இப்போது அம்மா அறை வாசலில் நின்றாள்.

"துவக்குச் சாமானை அவன்ரை கட்டிலில வைக்காதை, பிள்ளை."

சிவாஜினி அதை வெப்பமூட்டிக்குப் பக்கத்தில், நாற்காலியில் சாய்த்து வைத்தாள்.

முதலில் தண்ணீர். ஈரத்துணியால் மரத்தைத் துடைத்துச் சூட்டில் பிடித்தால், படுத்திருக்கும் நார்கள் எழுந்து நிற்கும். அவற்றை உப்புத்தாளால் தேய்த்து எடுக்க வேண்டும். நார் எழும்பாமல் போகும்வரை மறுபடி மறுபடி. பிறகு ஆளிவிதை எண்ணெய். துணி கூடாது, வெறும் உள்ளங்கையால், கை சுடும்வரை தேய்க்க வேண்டும். அந்த எண்ணெய் காற்றை உறிஞ்சி மரத்துக்குள் இறுகும். கறுப்புப் போத்தலிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றித் தேய்த்தாள். அவளுக்குத் தடிமன். மூக்கு அடைத்திருந்தது.

மறுநாள் கட்டை காயவில்லை.

சுடுபவரின் கன்னம் படியும் இடத்தில், மினுக்கம் மங்கி ஒரு தடம் இருந்தது. உள்ளங்கை அகலம். குனிந்து பார்த்தாள். பிசுக்கில் சின்னச் சின்னக் கோடுகள். சவரம் செய்யாத முகம் ஒன்று அதில் சாய்ந்திருந்ததுபோல. வலது தோளில் வைத்துச் சுடும் டாக்டரின் கன்னம் படிவது கட்டையின் இடப்பக்கம். தடம் வலப்பக்கத்தில் இருந்தது.

அதைத் தேய்த்து எடுத்துவிட்டு, மறுபடி எண்ணெய் பூசினாள்.

அடுத்த பிற்பகல், கதவைத் திறந்தவுடன் சேறு மணந்தது. ஊர்க் கடலோரக் களப்புச் சேறு. உப்பும் புகையும் கலந்தது. மூக்கு இன்னும் அடைத்துத்தான் இருந்தது. ஆனாலும் மணந்தது.

தடம் அதே இடத்தில் இருந்தது.

அவள் நாற்காலிக்கு முன்னால் நின்றாள். காதுக்கு மிக அருகில் யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள். பாதியை வெளியே விட்டார்கள். நிறுத்தினார்கள்.

துப்பாக்கியால் குறி பார்ப்பவர்கள் அப்படித்தான் செய்வார்கள் என்று ரோசாலி சொல்லிக் கொடுத்திருந்தாள்.

மீதி மூச்சு வெளியே வரும் என்று காத்திருந்தாள்.

வரவில்லை.

பயப்பட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. பயம் வரவில்லை. எண்ணெய் ஏன் காயவில்லை என்பதை யோசிப்பது எளிதாக இருந்தது. போத்தலை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய், இதைத் தொட்டாயா என்று அம்மாவிடம் கேட்டாள்.

"முடிஞ்சு கிடந்தது, பிள்ளை. நான்தான் சாமிக்கு வைக்கிற நல்லெண்ணெயை விட்டு நிரப்பினனான். எண்ணெய் எண்ணெய்தானே."

நல்லெண்ணெய் அப்படி இறுகாது. எத்தனை நாள் வைத்தாலும் பிசுக்காகவே இருக்கும். காரணம் கிடைத்த ஆறுதலோடு அறைக்குத் திரும்பினாள். வாசலில்தான் கால் நின்றது.

நல்லெண்ணெய் எள்ளிலிருந்து வருவது.

முதலில் தண்ணீர். பிறகு எள். அண்ணாவின் அறையில், அவள் தன் கையாலேயே. ஊற்றி வைத்தது அம்மா.

இறந்தவர்களுக்குத்தான் எள்ளும் தண்ணீரும் கொடுப்பார்கள். வாங்க வருபவர்களும் அவர்கள்தான்.

போத்தலை மூடி வைத்துவிட்டு, அறைக் கதவைச் சாத்தினாள்.

காலையில் கட்டையைப் பட்டறைக்குக் கொண்டுபோனாள். ரோசாலி அதைத் தன் வலது தோளில் வைத்துப் பார்த்தாள். இறக்கினாள். இடது தோளுக்கு மாற்றினாள்.

"இது கோஷேவுக்கு, இடதுகைக்காரங்களுக்குச் செஞ்சது மாதிரி இருக்கு," என்றாள். "டாக்டரு கோஷே இல்லையே."

மேசையில் வைத்து நூல் பிடித்தாள். டாக்டருக்காக வலப்பக்கம் விலக்கிச் செதுக்கிய கட்டை இப்போது இடப்பக்கம் வளைந்திருந்தது. சூடும் எண்ணெயும் சேர்ந்தால் மரம் வளையும், அது புதிதல்ல என்றாள் ரோசாலி. தானே அப்படி வளைத்திருக்கிறாளாம். ஆனால் இரும்புப் பிடியில் இறுக்கி வைக்க வேண்டும்.

"சும்மா வளையாதும்மா. யாரு புடிச்சிருந்தது?"

கீர்த்தனன் இடதுகைக்காரன். சின்ன வயதில் இடது கையால் சோற்றைத் தொட்டால் அம்மா அகப்பைக் காம்பால் அடிப்பாள்.

வேறு கட்டையில் தொடங்கலாம் என்று ரோசாலி அதைச் சுவரோரம் வைத்தாள். இனி அது வீட்டுக்குப் போகாது. பேருந்தில் திரும்பும்போது சிவாஜினிக்கு உடம்பு கொஞ்சம் இலேசாக இருந்தது.

கதவைத் திறந்த அம்மா, உதட்டில் விரல் வைத்தாள். தலை வாரி, நல்ல சேலை கட்டியிருந்தாள்.

"சத்தம் போடாதை, பிள்ளை. அண்ணா வந்திட்டான்."

சிவாஜினி சப்பாத்தைக் கழற்றினாள்.

"கதைக்கேல்லை. நல்லாக் களைச்சுப் போனான். படுத்திட்டான்."

அறைக் கதவு திறந்திருந்தது. கட்டிலில் யாரும் இல்லை. விரிப்பு ஒரு சுருக்கமும் இல்லாமல் கிடந்தது. அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் குந்தி, தலையணையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவின் முகம் அப்படி மலர்ந்து சிவாஜினி நான்கு ஆண்டுகளாகப் பார்த்ததில்லை.

சொல்லிவிடலாம். எண்ணெயைப் பற்றி, அதன் பொருளைப் பற்றி. இரண்டு வசனம் போதும்.

"அவனுக்குக் குளிருது," என்று அம்மா கிசுகிசுத்தாள். "உன்ரை போர்வையைக் கொண்டு வா."

சிவாஜினி போய்த் தன் போர்வையை எடுத்து வந்தாள். கால்மாட்டில் நின்று உதறி, வெறும் கட்டிலின் மேல் விரித்தாள்.

போர்வை மெத்தையில் படியவில்லை. ஓர் ஆள் நீளத்துக்கு மேடாக நின்றது.