ஏழாம் படுக்கையின் நாற்பது

ஏழாம் படுக்கைக்காரரின் கட்டிலில் தொங்கிய சிறுநீர்ப் பையில் சரியாக நாற்பது மில்லி இருந்தது. நர்ஸ் பையைத் திறந்து அளவுக் குவளையில் இறக்கி, கண்ணுக்கு நேரே தூக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பி இன்னொரு முறையும் பார்த்தாள். நாற்பதுதான். ஒரு சொட்டு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அந்த நாற்பதை அவள் ஒரு மணி நேரத்துக்கு முன்பே, பையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், அட்டையில் எழுதி வைத்திருந்தாள்.

வார்டில் அவளுக்குப் பெயர் கல்லு. பன்னிரண்டு வருடமாக ஈரல் கெட்டவர்களையும் சிறுநீரகம் ஓய்ந்தவர்களையும் சர்க்கரை ஏறி இறங்கி மயங்கிக் கிடப்பவர்களையும் புரட்டிப் படுக்கவைத்து, துடைத்துவிட்டு, ஊசி போட்டு, கடைசியில் போர்த்தி அனுப்பிய கை அவளுடையது. யார் போனாலும் கண் கலங்காததால், கூட வேலை பார்க்கும் நர்ஸ் வைத்த பெயர் அது. அந்த நர்ஸுக்கும் ஒரு பெயர் உண்டு, வாயாடி. கல்லு என்று கூப்பிட்டால் இவளுக்குக் கோபம் வருவதில்லை. கோபமெல்லாம் எப்போதோ வற்றிவிட்டது.

இருபத்திரண்டு படுக்கைக்கு இரண்டே நர்ஸ். மணிக்கொரு தரம் ஒவ்வொரு கட்டிலாகப் போய் நாடி, மூச்சு, சிறுநீர் எல்லாம் பார்த்து எழுத வேண்டும் என்பது சட்டம். அது சட்டத்தோடு சரி. மத்தியானம் ஒரு மணிக்கு வேலைக்கு வந்ததும் மேஜையில் அட்டைகளைப் பரப்பி, சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் எல்லாக் கட்டத்தையும் நிரப்பிவிடுவார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் சமையல்.

"சமைச்சாச்சா?" என்று வாயாடி அன்றைக்கும் கேட்டாள்.

"ஆறு வரைக்கும் ஆச்சு."

சமைப்பதிலும் ஒரு நேர்த்தி வேண்டும். நாற்பது, முப்பத்தைந்து, நாற்பத்தைந்து என்று கொஞ்சம் முன்னே பின்னே போட்டால்தான் பார்க்கிறவர்கள் நம்புவார்கள். கல்லுவுக்கு அன்றைக்கு அந்தப் பொறுமைகூட இல்லை. ஏழாம் படுக்கைக்கு ஐந்து வரியிலும் ஒரே மாதிரி போட்டாள். நாடி எழுபத்திரண்டு. மூச்சு பதினெட்டு. சிறுநீர் நாற்பது. கடைசிக் கட்டம் வலிக்கானது, பத்துக்கு எவ்வளவு என்று குறிக்க வேண்டும், அதில் பூஜ்யம். குறிப்பில், 'அமைதியாக இருக்கிறார், கேட்டால் பதில் சொல்கிறார்.' அவர் பேசி இரண்டு நாளாகிறது என்பது அவளுக்குத் தெரியும். உண்மையை எழுதினால் டாக்டருக்குப் போன் போட வேண்டும், அவர் ஆயிரம் கேள்வி கேட்பார். நாற்பது என்றால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

ஆனால் அந்த எண்ணை நம்பி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். கட்டிலை ஒட்டிய ஸ்டூலில் அவருடைய மகள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிற பெண், இருபத்து மூன்று வயது. லாரி ஓட்டிய அப்பாவைத் தவிர வேறு நாதியில்லை. காலையில் பெரிய டாக்டர் அவளிடம் உடைத்துச் சொல்லியிருந்தார். சாயங்காலம் வரைக்கும் மணிக்கு முப்பது மில்லிக்குக் குறையாமல் சிறுநீர் வந்தால், நாளைக் காலை அவள் ஈரலில் பாதியை வெட்டி அப்பாவுக்கு வைப்பார்கள். வராவிட்டால் இல்லை.

"எவ்ளோ சிஸ்டர்?" என்றாள் இப்போது, எழுந்து நின்று.

"நாற்பது."

அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், சந்தோஷத்தில். கல்லு குவளையைக் கழுவப் போனாள். தொட்டியில் ஊற்றும்போதுதான் கவனித்தாள். நேற்று வந்த பத்து மில்லி, கொதித்த டீத்தூள் நிறத்தில் மூக்கைத் துளைத்தது. இதில் நிறமும் இல்லை, வாடையும் இல்லை.

மூன்று மணிக்கு அவள் வேண்டுமென்றே போய்ப் பார்த்தாள். ரத்தப் பரிசோதனைக்கு என்று மகளை மாடிக்குக் கூட்டிப் போயிருந்தார்கள். காற்றாடி தலைக்கு மேல் கிறீச் கிறீச் என்று சுற்றியது. ஈரல் கெட்டவர்களின் வாயிலிருந்து எப்போதும் வருகிற, நனைந்த சாக்கில் வெல்லம் கசிந்தது போன்ற அந்த இனிப்பு வாடை கட்டிலைச் சுற்றிக் கவிந்திருந்தது. ஊதிய வயிறு போர்வைக்குள் ஏறி இறங்கியது. எண்ணினாள். பதினெட்டு. மறுபடியும் எண்ணினாள். பதினெட்டு. பை நாற்பது. மணிக்கட்டைப் பிடித்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, ஒரு முழு நிமிடம் நாடி பார்த்தாள். எழுபத்திரண்டு, ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் மயிரிழை வித்தியாசம் இல்லாமல்.

கை ஜில்லென்று இருந்தது. முழங்கை வரை, தோள் வரை, போர்வைக்குள் விட்டுத் தொட்ட நெஞ்சு வரை. இந்த ஜில்லிப்பை அவள் எத்தனையோ முறை தொட்டிருக்கிறாள். உயிருள்ள உடம்பில் தொட்டதில்லை. உடல் சூட்டைக் காலையிலும் மாலையிலும் மட்டும்தான் குறிப்பார்கள். அதனால் அந்தக் கட்டத்தை அவள் காலியாக விட்டிருந்தாள்.

பயந்திருக்க வேண்டும். பல் பிடுங்க ஊசி போட்ட தாடை மாதிரி, எங்கோ வலிக்கிறது என்று தெரிந்தது, உறைக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு எட்டாம் படுக்கைக்காரருக்கு இன்சுலின் போடப் போனாள்.

நான்கு மணிக்கு அவர் கண் திறந்திருந்தது. மஞ்சள் விழிகள் உத்தரத்தைப் பார்த்தபடி இருந்தன. இமைக்கவில்லை. கல்லு குனிந்தாள்.

"ஐயா, கேக்குதா?"

"கேக்குதும்மா." உதடு அசைந்தது. முகத்தில் வேறெதுவும் அசையவில்லை.

"வலிக்குதா?"

"இல்லம்மா."

"உங்களுக்கு..." செருமிக்கொண்டாள். "ஐயா, நீங்க உயிரோட இருக்கீங்களா?"

காற்றாடி சுற்றியது. பதினெட்டு மூச்சில் ஒன்று வந்தது, போனது. இன்னொன்று வந்தது, போனது.

"அதுக்குக் கட்டம் இல்லம்மா."

அட்டையை எடுத்தாள். பேனா அதன் மேல்முனையில் கட்டுத்துணி நாடாவால் கட்டப்பட்டுத் தொங்கியது. எல்லாவற்றையும் அடித்துவிடலாம் என்று நினைத்தாள். அடித்தால் தலைமை நர்ஸின் கையெழுத்து வேண்டும், காரணம் சொல்ல வேண்டும், சமையல் வெளியே வரும், வேலை போகும். எழுதியது ஆறு மணி வரைதான். ஆறுக்கு மேல் எதுவும் எழுதாமல் விட்டால் தானாக முடிந்துவிடும். அந்தப் பெண்ணும் பிழைத்துக்கொள்வாள். இரண்டு மணி நேரம்தானே என்று அட்டையைக் கட்டில் கம்பியில் மாட்டினாள்.

ஐந்தரைக்கு மகள் அறுவைக்குப் போகிறவர்கள் போடும் பச்சை அங்கியோடு வந்தாள். கையெழுத்துப் போட்டாகிவிட்டதாம். காலை ஆறு மணிக்கு அவளுக்கு, ஏழுக்கு அப்பாவுக்கு.

"கண்ணு, ஒண்ணு சொல்றேன் கேளு," என்றாள் கல்லு. யாரையும் கண்ணு என்று கூப்பிட்டு வருடக்கணக்காகிறது. "உன் உடம்பை வெட்டிக்காதே. அப்பா இல்ல. மத்தியானமே போயிட்டார்."

மகள் அப்பாவைப் பார்த்தாள். ஏறி இறங்கும் வயிற்றைப் பார்த்தாள். பிறகு கல்லுவைப் பார்த்தாள். மகளின் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"தெரியும் சிஸ்டர். ரெண்டு மணிக்கு அவர் கை ஜில்லுன்னு ஆனப்ப நான்தானே பிடிச்சிட்டிருந்தேன்." குரல் தணிந்தது. "மூணு மணிக்கு எழுத வேண்டியதெல்லாம் அப்பவே அட்டையில இருந்துச்சு. அதுல இருக்கிறபடியேதான் எல்லாம் நடக்குது. காலை வரைக்கும் எழுதுங்க. என் ஈரலை வச்சாங்கன்னா அப்புறம் எழுத வேண்டியதே இருக்காது. அதுவா ஓடும்."

"அது நடக்காதும்மா."

"இது மட்டும் நடக்குமா?"

இருவரும் கட்டிலுக்கு இருபுறமும் நின்றார்கள். வராந்தாவில் விளக்குப் போட்டார்கள். கடிகாரம் ஆறைத் தொட்டது.

வயிறு இறங்கியது. ஏறவில்லை.

கல்லு மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. இத்தனை நேரமும் நிறுத்தி வைத்திருந்ததெல்லாம் ஒரேயடியாக வந்துவிட்டது. தாடை தொங்கியது, விரல்கள் விறைத்தன, வாடை குப்பென்று எழுந்தது. போகட்டும், நிம்மதியாகப் போகட்டும் என்று அவளுக்குத் தோன்றியது. மனசில் ஏதோ லேசாக இளகியது. டாக்டருக்குப் போன் போட வேண்டும், அவர் வந்து பார்த்துச் சொன்னால் முடிந்தது. மகளின் தோளைத் தொட்டுவிட்டு மேஜைக்கு ஓடினாள்.

அட்டையைக் கம்பியிலேயே விட்டுவிட்டாள்.

போன் நான்கு நிமிடம். எண் பிஸி. மறுபடி. டாக்டர் வருகிறேன் என்றார். திரும்பி நடந்தாள். மூன்றாம் படுக்கை. ஐந்தாம் படுக்கை. ஏதோ தவறு. என்ன என்று காதுக்கு முதலில் தெரிந்தது.

கட்டில் கம்பி நடுங்கும் சத்தம். கடகடவென்று. விடாமல்.

மகள் ஸ்டூலில் உட்கார்ந்து மடியில் அட்டையை வைத்து எழுதிக்கொண்டிருந்தாள். தெளிவான, பள்ளிக்கூடத்துக் குண்டு எழுத்து. ஏழு மணி. எட்டு. ஒன்பது. வரி வரியாக, காலை ஆறு வரை.

"வந்துட்டார் சிஸ்டர்," என்றாள், நிமிராமல். "நீங்க எழுதினதைப் பார்த்து அப்படியே எழுதினேன். எழுபத்திரண்டு, பதினெட்டு, நாற்பது, அமைதியா இருக்கிறார். கடைசியில மட்டும் ஏதோ ரெண்டு இங்கிலீஷ் எழுத்துப் போட்டு, பத்துக்கு எவ்வளவுன்னு இருக்கு. நீங்க அதுல பாவம் அப்பாவுக்கு முட்டை போட்டு வச்சிருக்கீங்க."

கல்லு அட்டையைப் பார்த்தாள்.

"நான் முழுசாப் போட்டுட்டேன். பத்துக்குப் பத்து."

பன்னிரண்டு வரி. வலிக் கட்டத்தில் பன்னிரண்டு பத்து.

"அதை அடி. உடனே அடிம்மா. குடு இங்க."

"மாட்டேன்." அட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "அடிச்சா போயிடுவார்."

கட்டிலில் அவர் வில்லாக வளைந்திருந்தார். குதிகாலும் உச்சந்தலையும் மட்டும் மெத்தையில் பட்டன. வாய் திறந்திருந்தது. கடைவாய் கிழியும் வரை திறந்து, இன்னும் திறந்துகொண்டிருந்தது. தொண்டையின் அடி தெரிந்தது. சத்தம் இல்லை. ஒரு முனகல்கூட இல்லை. மூச்சு சீராக வந்தது. பதினெட்டு. நாடி எழுபத்திரண்டு. பைக்குள் சொட்டுச் சொட்டாக, நிறமில்லாமல், இறங்கிக்கொண்டிருந்தது. கண்கள் உத்தரத்தை விட்டுத் திரும்பிக் கல்லுவைப் பார்த்தன.

மகள் ஒரு கையால் அட்டையைப் பிடித்தபடி, மறு கையால் அப்பாவின் கன்னத்தில் வழிந்த கண்ணீரைத் துடைத்தாள்.

"பாருங்க சிஸ்டர், எவ்ளோ அமைதியா இருக்கார்," என்றாள்.