மூன்றாவது முடிச்சு

பின் சீட்டின் ஓரத் தையல் மூன்று முடிச்சில் முடிந்திருந்தது. பிளேடை எடுத்த ஜரீனா அதைப் பார்த்ததும் கையை நிறுத்தினாள்.

குஷன் வேலை செய்கிறவர்கள் தையலின் கடைசியில் இரண்டு முடிச்சு போட்டு நூலை அறுத்துவிடுவார்கள். அதுவே போதும். ஜரீனாவுக்கு மட்டும் போதாது. அடுப்பை அணைத்த பிறகும் திரும்பிப் போய்ப் பார்க்கிறவள் அவள். பூட்டிய பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, தெருமுனை வரை போய், மறுபடி வந்து இழுத்துப் பார்க்கிறவள். தன் முடிச்சின் மேல் நம்பிக்கை இல்லாமல், நூலை இடப்பக்கமாகச் சுற்றி மூன்றாவதாக ஒன்று போடுவாள். "உன்ற சீட்டப் பிரிக்கறதுக்குத் தனியா ஓராள் வெக்கோணும்" என்று அவள் கணவன் தௌபீக் சிரிப்பான்.

இந்த முடிச்சும் இடப்பக்கமாகத்தான் சுற்றியிருந்தது.

ஆனால் இந்த ஃபியட் காரை அவள் இதற்கு முன் பார்த்ததே இல்லை. மஞ்சக்குட்டைப் பக்கம் ஒரு எஸ்டேட்டின் கொட்டகையில் முப்பது வருடமாக நின்ற வண்டி. தௌபீக் அதை வாங்கி, திங்கட்கிழமைதான் ஜீப்பில் கயிறு கட்டி இழுத்து வந்தான். முப்பது வருடத்துக்கு முன் அவள் பிறந்திருக்கவே இல்லை. தன் முடிச்சை நம்பாதவர்கள் உலகத்தில் வேறு யாரும் இருக்கக் கூடாதா என்ன? அவள் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, வெடித்துப்போன கறுப்பு ரெக்சினை அறுத்தாள்.

ரெக்சினுக்கு அடியில் சாக்கு, சாக்குக்கு அடியில் தேங்காய் நார். பழைய வண்டிகளின் சீட்டுக்குள் வழக்கமாகக் கிடைக்கிற கடலைத் தோலும் கொண்டை ஊசியும் பஸ் டிக்கெட்டும் வந்தன. இடது ஓரத்தில், நார் வேர்விட்டதுபோல் சுற்றிப் பிடித்திருந்த இடத்தில், குழந்தைகள் தலையில் குத்தும் மஞ்சள் வண்ணத்துப்பூச்சி கிளிப் ஒன்று இருந்தது. கம்பி துருவேறியிருந்தது. ஒரு சிறகு உடைந்திருந்தது.

காரில் கிடைக்கிற பொருள் அமானத் என்பது தௌபீக் பழைய வண்டிகளைப் பழுதுபார்க்கும் கொட்டகையின் வழக்கம். யாருடையதோ, அவர்களிடம் போய்ச் சேர வேண்டும்; சேரும்வரை பத்திரமாக இருக்க வேண்டும். ஜரீனா கிளிப்பைத் தாளில் மடித்து, 'பின் சீட், இடது' என்று பென்சிலால் எழுதி, பிஸ்கட் டின்னில் வைத்தாள்.

நாலு மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள் சனா, உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். மஞ்சள் வண்ணத்துப்பூச்சி. புதியது. ஒரு சிறகு இல்லை.

"பஸ்ல ஒடஞ்சு போச்சும்மா."

மறுநாள் சீட்டின் நடுப்பகுதியில் ஒரு செருப்பு வந்தது. ஆறு வயதுக் குழந்தையின் இடது கால் செருப்பு. ரப்பர் காய்ந்து கட்டையாகியிருந்தது. அறுந்த வாரை யாரோ நீல நூலால் குறுக்கும் நெடுக்குமாகத் தைத்திருந்தார்கள். போன மாதம் அவள் தைத்த தையல் அது.

நோன்பு வைத்த உடம்பு, பசியில் கண் எதையாவது காட்டும் என்று தனக்கே சொல்லிக்கொண்டு, அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். சாலையோரக் காப்பிச் செடிகள் முந்தின நாள் மழைக்குப் பூத்து, மல்லிகையைப் போல மணத்துக் கிடந்தன. வாசலில் சனாவின் பழைய செருப்பு ஜோடியாக இருந்தது. இடது செருப்பில் நீலத் தையல். இரண்டையும் பக்கத்தில் வைத்து எண்ணினாள். பதினொரு தையல். பதினொரு தையல்.

கொட்டகைக்குத் திரும்பி, செருப்பைத் தௌபீக்கிடம் நீட்டினாள். "ஏனுங்க, இதப் பாருங்க."

தௌபீக் பார்த்தான். "சனாதான் வண்டிக்குள்ளயே வெளையாடறாளே. போட்டுட்டு வந்திருப்பா."

"அவ செருப்பு ஊட்டு வாசல்ல கெடக்குது."

"ஒரே கடையில வாங்குனா ஒரே மாதிரிதான் இருக்கும்."

"தையலுமா?"

செருப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு டின்னுக்குள் போட்டு மூடினான். "ஞாயித்துக்கெழம ரிசார்ட்காரங்களுக்கு வண்டி குடுக்கோணும். நொம்ப யோசிக்காத. நீ ஒரு பூட்டையே நாலு தடவ இழுக்கறவ."

அது உண்மை. அதனால் அவள் வேறு யாரிடமும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை வலது ஓரத்தைப் பிரித்தாள். நாருக்குள் கையை விட்டபோது துணி தட்டுப்பட்டது. இழுக்க இழுக்க வந்தது. கிளிப்பச்சையாக இருந்து வைக்கோல் நிறத்துக்கு வெளுத்துப்போன ஒரு கவுன். வெள்ளைக் காலர். பெருநாளுக்காகச் சேலத்தில் துணி எடுத்து, போன ஞாயிற்றுக்கிழமை அவளே வெட்டிய கவுன்.

வீட்டில் இருக்கும் கவுனுக்கு இன்னும் வலது கை வைக்கவில்லை. இதற்கு இரண்டு கையும் இருந்தன. இடது கை அவள் தைத்தது. வலது கையின் கொசுவம் வேறு மாதிரி, சின்னச் சின்னதாக, நெருக்கமாக விழுந்திருந்தது. அது அவள் கை இல்லை.

அதை முகர்ந்து பார்த்தாள். ஈர நார். எலிப்புழுக்கை. அவற்றுக்கும் அடியில், மிக அடியில், சனாவின் தலையில் தேய்க்கும் எண்ணெய்.

வண்டியை விற்ற எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் மாரியப்பனுக்குப் போன் செய்தாள்.

"அந்த பங்களாவுல கொழந்தையே கெடையாதுங்க" என்றார் அவர். "சாமான் எதுனா கெடச்சா வண்டியிலயே வெச்சுத் தெச்சிருங்க. அது வண்டியோடதுங்க."

"இதுக்கு மின்ன யாராச்சும் சீட்டப் பிரிச்சாங்களாங்க?"

"ஏனுங்க, ஊட்ல பொம்பளப் புள்ள இருக்குதுங்களா?" என்றார். அவர் இருந்த வெள்ளக்கடைப் பக்கம் டவர் கிடைக்கவில்லை. இணைப்பு அறுந்தது. பிறகு அவர் எடுக்கவே இல்லை.

ஜரீனா ஒழுங்காக யோசித்துப் பார்த்தாள். வலது கை வைக்காமல் விட்டால், சீட்டுக்குள் கிடந்த அந்தக் கவுன் உண்டாகாது. அந்தக் கவுன் இல்லையென்றால் மற்றதும் இல்லை. வீட்டுக்குப் போய், பாதி தைத்த கவுனைச் சுருட்டி, பெட்டியில் கம்பளிகளுக்கு அடியில் வைத்தாள். பெருநாளுக்கு ரெடிமேட் வாங்கிக்கொள்ளலாம்.

வெள்ளிக்கிழமை கிளிப்பையும் செருப்பையும் வெளுத்த கவுனையும் அதனதன் இடத்தில் வைத்தாள். அமானத்தை உரியவரிடம் கொடுத்தாகிவிட்டது. மேலே புது நார், புதுச் சாக்கு, புது மெரூன் ரெக்சின். வெள்ளை நூலால் ஓரம் தைத்து, சீட்டை வண்டிக்குள் பொருத்தினாள். பழைய கறுப்பு ரெக்சினைக் கொட்டகைக்குப் பின்னால் குப்பையில் எறிந்தாள். மூன்றாவது முடிச்சைப் போட்டதை, போட்ட பிறகுதான் கவனித்தாள்.

அறுக்கலாமா என்று நினைத்தாள். அறுக்கவில்லை.

கடைவீதியில் ரோஜா நிறத்தில் ஒரு ரெடிமேட் கவுன் வாங்கிக்கொண்டு திரும்பும்போது ஐந்தரை மணி. நோன்பு திறக்க இன்னும் நேரம் இருந்தது. பனி ஏரியிலிருந்து ஏறி, கடைகளின் பெயர்ப்பலகைகளை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டு அவளுக்கு முன்னால் போனது. எதிரில் வரும் வண்டிகள் ஹாரனாக மட்டும் வந்தன. வீட்டுக் கேட்டில் பக்கத்து வீட்டுச் செல்வி நின்றிருந்தாள். வீட்டிலேயே மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறவள்.

"ஏங்கண்ணு, பெறை தெரிஞ்சா நாளைக்கிப் பெருநாளு. புள்ள கவுன ஒத்தக் கையோட பெட்டியில போட்டு வெச்சிருக்கறயே. தேடி எடுத்துட்டு வந்து ஒரே அழுவ. ஒரு கை தைக்க எத்தன நேரமாவுது, நானே வெச்சுக் குடுத்துட்டேன்."

ஜரீனா செல்வியின் விரல்களைப் பார்த்தாள். "எப்பிடிக் கொசுவம் வெச்சீங்கக்கா?"

"எப்பவும் வெக்கறாப்லதான். சின்னச் சின்னதா. ஏன், நல்லா இல்லியா?"

"சனா எங்க?"

"போட்டுக்கிட்டு அத்தாகிட்டக் காட்டறேன்னு கொட்டகைக்கு ஓடுச்சு. கால்ல அந்தப் பழைய செருப்புத்தான். புதுசு கடிக்குதாமா."

ஓடினாள். ரோஜாக் கவுன் பையோடு எங்கோ விழுந்தது. பனியில் சாலை இல்லை, மரங்கள் இல்லை, காப்பிப் பூவின் மணம் மட்டும் இருந்தது. பிறகு அதுவும் இல்லை. ஈர நார் மணத்தது.

கொட்டகையில் ஃபியட் ஓடிக்கொண்டிருந்தது. முப்பது வருடத்துக்குப் பின் முதல் தடவை. தௌபீக் பானெட்டுக்குள் குனிந்திருந்தான்.

"கேட்டியா சத்தத்த? பின்னாடி பாரு உன்ற மகள. புதுக் கவுனு. எறங்க மாட்டீங்கறா."

கண்ணாடிகள் உள்பக்கம் மூச்சுப் படிந்து வெளுத்திருந்தன.

கதவைத் திறந்தாள்.

சனா இல்லை.

மெரூன் இல்லை. கறுப்பு. வெடித்த, பழைய கறுப்பு ரெக்சின். அவள் அறுத்து எறிந்தது. ஓரத்தில் நூல் தேன் நிறத்துக்குப் பழுத்திருந்தது.

சீட்டின் நடுப்பகுதி மட்டும் உப்பியிருந்தது. முழங்காலை மடக்கிப் படுத்த குழந்தையின் நீளத்துக்கு.

"இஞ்சின நிறுத்துங்க."

நிறுத்தினான். "என்னாச்சு?"

அதிர்வு அடங்கியது. வண்டி அசையவில்லை. ரெக்சின் அசைந்தது. மெல்ல ஏறியது. மெல்ல இறங்கியது.

"சனா."

ஏறியது.

இடுப்பிலிருந்து பிளேடை எடுத்தாள். ஒரு முடிச்சை அறுத்தாள். இன்னொன்றை அறுத்தாள். மூன்றாவதில் பிளேடை வைத்தாள்.

நூல் அவள் விரலுக்கு அடியில் நகர்ந்தது. இடப்பக்கமாக ஒரு சுற்று. பிறகு, உள்ளிருந்து, யாரோ அதை இறுக்கினார்கள்.