உறைபனியில் ஒரு சிவப்புச் சதுரம்

டொக்... டொக்... டொக்!

காலை ஏழு இருபது. யாரோ வேன் கதவைத் தட்டினார்கள்.

கதிர்காமநாதன் காதுக் கருவியை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தார்.

வெளியே ஒரு பெண். முப்பத்தைந்து வயது இருக்கும். தோளில் கம்பளி. உதடுகள் குளிரில் நீலம் பாரித்திருந்தன.

"அங்கிள்... என்ர மனுசன் கதவைத் திறக்கிறார் இல்லை."

குரலில் பதற்றமே இல்லை.

"எவ்வளவு நேரமாத் தட்டுறீர் பிள்ளை?"

"அரை மணித்தியாலம். கண்ணாடியாலயும் பார்த்தனான். படுத்திருக்கிறார்..."

"நித்திரையே?"

"இல்லை அங்கிள். கண் திறந்திருக்கு!"

கதிர்காமநாதன் சப்பாத்தைத் தேடினார்.

ஆஸ்திரேலியாவின் ப்ரோக்கன் ஹில்லில் இருந்து இரண்டு மணி நேரம் செம்மண் பாதையில் வந்தால், பாலைவனத்தின் நடுவே எழுந்து நிற்கிற மலைத்தொடர் அது. அரசாங்கப் பூங்கா. கடை இல்லை. மின்சாரம் இல்லை. போன் சிக்னலும் இல்லை. கூடாரம் அடிக்கலாம், கேரவன் நிறுத்தலாம்... அவ்வளவுதான்.

வருகிறவர்களைப் பார்த்துக்கொள்ளும் தன்னார்வலர், கதிர்காமநாதன். வயது அறுபத்தேழு. சிட்னியில் முப்பது வருடம் ரயில் ஓட்டியவர். மனைவி செல்வராணி இறந்த மூன்றாம் மாதம் லிட்கம் வீட்டைப் பூட்டிவிட்டு வேனில் ஏறியவர்.

மனைவியின் சவப்பெட்டி நெருப்புக்குள் போனபோது அவர் அழவில்லை.

அதற்குப் பிறகும் அழவில்லை.

உள்ளே ஏதோ ஒன்று அணைந்து போயிருந்தது.

*

கேரவன் கதவை நெம்பித் திறந்தார்.

கட்டிலில் பிரதீப்குமார். மெல்பேர்ன், பொயிண்ட் குக். சாப்ட்வேர் வேலை. ஊர் கோயம்புத்தூர். நேற்று இருட்டும் நேரத்தில் வந்து, வேன் ஜன்னலிலேயே பதிவு செய்துவிட்டுப் போனவன்.

இப்போது அசையவில்லை.

மூச்சு... இல்லை.

நாடி... இல்லை.

கன்னங்கள் மட்டும் ரோஜா நிறத்தில்!

கதிர்காமநாதன் ஜன்னல்கள் எல்லாவற்றையும் திறந்துவிட்டு வெளியே பாய்ந்தார். ரயில்வே முதலுதவி வகுப்பில் படித்தது. செத்தவன் கன்னம் இப்படிச் சிவந்தால் அது நச்சுப் புகை!

"பிள்ளை... உள்ள போகாதேயும். அவர் செத்துப் போயிட்டார்."

அந்தப் பெண், ஷாமினி, தலையை ஆட்டினாள்.

"ஓம்" என்றாள்.

அவ்வளவுதான். கண்கள் காய்ந்தே இருந்தன.

"என்ன அங்கிள்? என்ன நடந்தது?"

அறுபது மீட்டர் தள்ளி, காய்ந்த ஓடையின் ஓரத்தில் இருந்த கூடாரத்தில் இருந்து ஒருவன் ஓடி வந்தான். தனுஜன். இவர்களோடு பொயிண்ட் குக்கில் இருந்து வந்த குடும்ப நண்பன். யாழ்ப்பாணத்துப் பிள்ளை.

விஷயத்தைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டான்.

"ஐயோ அண்ணா...! நேற்று இரவு என்னோட சிரிச்சுக் கதைச்ச மனுசன்!"

கதறி ஓய்ந்ததும் கதிர்காமநாதனை ஓரமாக இழுத்தான்.

"அங்கிள்... ஒண்டு சொல்லட்டே?"

"சொல்லும்."

"ராத்திரி ரெண்டு பேருக்கும் சண்டை. அண்ணா அவவை வெளியில விட்டுட்டுக் கதவைப் பூட்டிட்டார். அவ காருக்குள்ளதான் படுத்தவ. நான் தூரத்தில இருந்தபடியால் மிச்சம் ஒண்டும் கேக்கேல்லை... ஆனா பாருங்கோ, ஒரு சொட்டுக் கண்ணீர் வருதே அவவுக்கு?"

"அழாட்டிக் கொலையே?"

"நான் அப்பிடிச் சொல்லேல்லை..."

"நானும் என்ர மனுசி செத்தபோது அழேல்லைத் தம்பி!"



*

சாட்டிலைட் போனில் ப்ரோக்கன் ஹில் போலீஸ் சார்ஜன்ட் ஹார்ப்பர் கிடைத்தாள்.

"இரண்டு மணி நேரத்தில் வருகிறேன். எதையும் தொடாதீர்கள்!"

லைன் அறுந்தது.

கதிர்காமநாதன் எதையும் தொடவில்லை. கேரவனைச் சுற்றி மட்டும் நடந்தார். புகை எங்கிருந்து வந்தது? உள்ளே அடுப்பு எரியவில்லை. ஹீட்டர் போடவில்லை. பிறகு...?

பின்பக்கம் வந்ததும் நின்றார்.

கட்டிலுக்கு நேர் கீழே, சாமான் வைக்கிற பெட்டி. வெளியில் இருந்துதான் திறக்கலாம். அதன் மூடி சரியாகப் பூட்டப்படாமல் விரல் அகலத்துக்குத் திறந்திருந்தது.

குனிந்து பார்த்தார்.

உள்ளே... ஒரு தகரத் தட்டு! தட்டு நிறைய அடுப்புக்கரிச் சாம்பல்! இன்னும் இளஞ்சூடு முகத்தில் அடித்தது!

யாரோ கனல் கரியைக் கொண்டுவந்து, தூங்குகிறவனின் முதுகுக்குக் கீழே வைத்திருக்கிறார்கள். பலகையின் இடுக்கு வழியாகப் புகை மேலே போயிருக்கிறது. சத்தமே இல்லாமல்!

விபத்தில்லை.

கொலை!

நிமிர்ந்தபோதுதான் அதைக் கவனித்தார்.

ஜூலை மாதம். இரவில் மைனஸ் மூன்று. தரை முழுக்க உறைபனி, சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளை வெளேர் என்று கிடந்தது.

ஒரு இடத்தைத் தவிர.

பெட்டி மூடிக்கு நாலடி தள்ளி, ஒரு சதுரம். உறைபனியே இல்லை. செம்மண் அப்படியே காய்ந்து, சிவப்பாக!

நாலு மூலையிலும் ஆணி அடித்த ஓட்டை.

கூடாரம்! இரவு முழுக்க இங்கே ஒரு கூடாரம் இருந்திருக்கிறது. அது மூடியிருந்த தரையில் மட்டும் பனி விழவில்லை!

விடுவிடென்று ஓடைக்கு நடந்தார். தனுஜனின் கூடாரத் துணியின் ஓரத்தை மெல்லத் தூக்கினார்.

அடியில்... வெள்ளை!

பனி விழுந்த பிறகு அடித்த கூடாரம் அது. விடியற்காலையில், பிணம் ஆறிய பிறகு, இரவெல்லாம் தூரத்தில் இருந்ததாகக் காட்ட!

கிழக்கே மலை முகட்டில் வெயில் எட்டிப் பார்த்தது. வெளிச்சக் கோடு பள்ளத்தாக்கில் இறங்கிக்கொண்டிருந்தது. அது தொட்ட இடமெல்லாம் பனி உருகியது. சார்ஜன்ட் வரும்போது ஒரு துளி மிஞ்சாது!

கைப்பேசியை எடுத்தார்.

கிளிக்... கிளிக்... ஓடைப் பக்கம் எடுத்தாயிற்று.

கேரவனுக்கு ஓடினார். கிளிக். சிவப்புச் சதுரம். கிளிக். ஆணி ஓட்டைகள்.

"என்ன அங்கிள் படம் எடுக்கிறியள்?"

முதுகுக்குப் பின்னால் தனுஜன்!

கையில் கூடார ஆணி அடிக்கிற சுத்தியல்.

"நிலத்தைத் தம்பி. வடிவாயிருக்கு."

"போனைத் தாங்கோ."

"ஏன்?"

"தாங்கோ எண்டு சொல்லுறன்!"

சுத்தியல் உயர்ந்தது.

கதிர்காமநாதன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். இந்த இடத்தில் மனிதனுக்குப் பயம் வரவேண்டும். வரவில்லை. தேடிப் பார்த்தார். அப்போதும் வரவில்லை.

"அடிக்கப் போறீரே? அடியும். ஆனா என்ர சட்டைப் பைக்குள்ள சாட்டிலைட் போன் கிடக்கு. லைன் கட் பண்ணேல்லை. சார்ஜன்ட் கேட்டுக்கொண்டிருக்கிறா!"

தனுஜனின் கண்கள் சட்டைப் பையில் நிலைகுத்தின.

ஒரு நொடி...

இரண்டு நொடி...

சுத்தியல் தரையில் விழுந்தது. அவனும் அதன் பக்கத்திலேயே விழுந்து உட்கார்ந்தான்.

சார்ஜன்ட் போனை வைத்து இருபது நிமிடம் ஆகியிருந்தது என்பது அவனுக்குத் தெரியாது!

"ஏன் தம்பி?"

"லதீஸ்..." தனுஜன் முகத்தை மூடிக்கொண்டான். "என்ர தம்பி, அங்கிள். படகில வந்தவன். விசா முடிஞ்சாப் பிறகும் கோழிப் பண்ணையில வேலை செய்தவன். பிடிச்சு வில்லாவுட் தடுப்பு முகாமில போட்டாங்கள். பிறகு திருப்பி அனுப்பிட்டாங்கள். போய் நாலாம் மாசம்... தூக்கில தொங்கிட்டான்."

"அதுக்கும் பிரதீப்குமாருக்கும் என்ன?"

"அவன்தான் காட்டிக் குடுத்தவன்! என்ர வீட்டில வந்து சோறு திண்டுட்டு, அதே கையால என்ர தம்பியைக் காட்டிக் குடுத்தவன்!"

கதிர்காமநாதன் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். வெயில் கோடு வந்து சிவப்புச் சதுரத்தைத் தொட்டது. சுற்றியிருந்த வெள்ளை கரைந்து, கொஞ்ச நேரத்தில் எல்லாம் ஒரே சிவப்பாகிவிட்டது.

*

ஒன்பதே முக்கால்.

சார்ஜன்ட் ஹார்ப்பரின் வண்டி புழுதி கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. ஐம்பது வயது. பல்லிடுக்கில் ஒரு தீக்குச்சி. பின்னால் ஒரு கான்ஸ்டபிள்.

படங்களைப் பார்த்தாள். கரித்தட்டைப் பார்த்தாள். தனுஜனின் கையில் விலங்கு ஏறியது. அவன் எதையும் மறைக்கவில்லை.

"அவர்தான் உன் தம்பியைக் காட்டிக் கொடுத்தார் என்று உனக்கு எப்படித் தெரியும்?"

"என் போனில் இருக்கிறது. அவர் தன் நண்பனுக்கு அனுப்பிய மெசேஜ். ஷாமினி அக்கா பார்த்துவிட்டு, படம் பிடித்து எனக்கு அனுப்பினாள்."

சார்ஜன்ட் போனைத் திறந்து பார்த்தாள். முழுக்கத் தமிழ்! கதிர்காமநாதனிடம் நீட்டினாள்.

"இதில் என்ன எழுதியிருக்கிறது, மிஸ்டர் நாதன்?"

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

*அந்த லதீஸை நான்தான் பிடிச்சுக் குடுத்தனான். ஒருத்தருக்கும் சொல்லாதை.*

படித்தார்.

மறுபடி படித்தார்.

நேற்று மாலை பதிவு செய்ய வந்த பிரதீப்குமாரின் குரல் காதுக்குள் கேட்டது. 'ஏனுங்க, தண்ணி எங்கீங்க புடிக்கறது? ரொம்ப தூரத்துல இருந்து வந்திருக்கோமுங்க...'

கோயம்புத்தூர்க்காரன்! அவன் 'புடிச்சுக் குடுத்தேன்' என்று எழுதுவான். 'சொல்லாதே' என்று எழுதுவான். 'குடுத்த'வோடு ஒரு 'நான்' சேர்த்துக் 'குடுத்தனான்' என்று எழுத ஒருவர் யாழ்ப்பாணத்தில் பிறந்திருக்க வேண்டும்!

தனுஜனும் யாழ்ப்பாணம். தன் வீட்டுத் தமிழ் என்பதால் அவனுக்கு அது உறுத்தவில்லை.

கதிர்காமநாதன் தலையைத் திருப்பினார்.

மடக்கு நாற்காலியில் ஷாமினி உட்கார்ந்திருந்தாள். கையில் தேநீர். அவர்தான் ஊற்றிக் கொடுத்தது.

"பிள்ளை..."

"ஓம் அங்கிள்?"

"இதை எழுதினது நீர்தானே?"

தனுஜன் சடாரென்று நிமிர்ந்தான்.

"என்ன அங்கிள் சொல்லுறியள்?"

ஷாமினி தேநீரை ஒரு வாய் குடித்தாள். மறுக்க அவளுக்குக் களைப்பாக இருந்தது போலும்.

"ஓம். அவர் குளிக்கேக்க, அவற்ர போனில நான்தான் அடிச்சனான்."

"அக்கா...!"

"சண்டை பிடிச்சு என்னை இழுத்து விழுத்தினதும், வெளியில படுக்க விட்டதும் நேற்று மட்டும் இல்லை அங்கிள். பதினொரு வருஷம். இடது காது கேக்காது. அவரைக் கொல்ல என்னால ஏலாது எண்டு தெரியும். ஆருக்கு ஏலும் எண்டு யோசிச்சனான்."

"அப்ப... அப்ப லதீஸைக் காட்டிக் குடுத்தது ஆர்?" தனுஜனின் குரல் கிழிந்தது.

"ஒருத்தரும் இல்லைத் தனுஜன். ரோட்டில சும்மா மறிச்சுப் பார்த்த செக்கிங்கில பிடிபட்டவன். உமக்குக் கோபப்பட ஒரு ஆள் தேவைப்பட்டுது. எனக்கும் ஒரு ஆள் தேவைப்பட்டுது."

தனுஜன் விலங்கோடு முழங்காலில் விழுந்தான்.

அவளைத் திட்ட வேண்டும்போல் இருக்கும் என்று கதிர்காமநாதன் நினைத்தார். இல்லை. பாவம் என்று தோன்றும் என்று நினைத்தார். அதுவும் இல்லை.

"காலையில உமக்காகத்தான் நான் வாதாடினனான் பிள்ளை. அழாட்டிக் கொலையே எண்டு கேட்டனான்."

"அது நடிப்பில்லை அங்கிள்." முதல்முறையாக அவரை நேராகப் பார்த்தாள். "எனக்கு உண்மையாவே ஒண்டும் வரேல்லை."

அவர் அதை நம்பினார். அந்த இடத்தில் அவரைத் தவிர வேறு யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

"ஹலோ!" சார்ஜன்ட் ஹார்ப்பர் பொறுமை இழந்தாள். "மூன்று பேரும் என்ன பேசுகிறீர்கள்? ஒரு வார்த்தை புரியவில்லை!"

கதிர்காமநாதன் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொன்னார். ஒன்றையும் கூட்டவில்லை. ஒன்றையும் குறைக்கவில்லை.

சார்ஜன்ட்டின் வாயில் இருந்த தீக்குச்சி கீழே விழுந்தது.

ஷாமினி எழுந்து, தேநீர்க் கோப்பையை நாற்காலியில் வைத்துவிட்டு, கேட்கும் முன்பே இரண்டு கைகளையும் நீட்டினாள்.

வண்டிக் கதவுகள் சாத்தப்பட்டன. சார்ஜன்ட் குறிப்பேட்டோடு கதிர்காமநாதனிடம் திரும்பி வந்தாள்.

"ஒரே ஒரு வரி மெசேஜ்! அதில் அப்படி என்ன தப்புக் கண்டுபிடித்தீர்கள்?"

கதிர்காமநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கடைசியில் ஒரு 'நான்' கூடிப்போய்விட்டது, சார்ஜன்ட்!"