முழுதாக மூடும் வரை

ஜூலை ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை பிற்பகல், ஓர் அடுக்ககத்தின் கீழ்த்தள வாகன நிறுத்தத்தில் நின்றிருந்த சாம்பல் நிறக் காருக்குப் புது பேட்டரி பொருத்தப்பட்டது. காரின் சொந்தக்காரர் அப்போது வெளியூரில் இருந்தார்.

பேட்டரிக் கடைக்காரர் எஞ்சினை ஓடவிட்டார், ஹாரனைத் தட்டினார், கதவுக் கண்ணாடிகளை ஏற்றி இறக்கினார். கடைசியாகத் தலைக்கு மேலிருந்த சன்ரூஃப் சுவிட்சைத் தொட்டார். கூரைக் கண்ணாடி ஒரு விரல்கடை பின்னால் நகர்ந்து நின்றது. மறுபடி அமுக்கினார். இன்னொரு விரல்கடை. தூக்கத்தில் எழுப்பிவிட்ட ஆளைப் போல, எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் அது அப்படியே நின்றுவிட்டது.

"பேட்டரியக் கழட்டினா இதுக்கு எல்லாம் மறந்து போயிடும்க்கா. எங்க ஆரம்பிக்கணும், எங்க நிக்கணும், எதுவும் ஞாபகம் இருக்காது. நாமதான் திரும்பக் கத்துக் குடுக்கணும்."

"நீங்களே பண்ணிடுங்களேன்," என்றாள், சாவியோடு பக்கத்தில் நின்றிருந்த அவள்.

அவருடைய கைப்பேசி விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. "ஆஸ்பத்திரி வாசல்ல ஒருத்தரோட வண்டி நின்னு போச்சாம், போயாகணும். இது ஒண்ணும் பெரிய வித்தை இல்ல. சுவிட்ச முன்னாடி தள்ளிப் பிடிச்சுக்குங்க. மொதல்ல பின்பக்கம் தூக்கும், ஒரு தடவை உதறும். பயந்துடாதீங்க. அப்புறம் தானா முழுசாத் திறந்து, முழுசா மூடும். மூடி முடிச்சதும் டொக்குனு ஒரு சத்தம் வரும். அதுவரைக்கும் கைய எடுக்கவே கூடாது."

"எடுத்துட்டா?"

"பாதி கத்துக்கிட்டதோட நின்னுடும். பாக்கறதுக்கு எல்லாம் சரியா இருக்கற மாதிரிதான் இருக்கும். ஆனா நடுவுல கை கிய்யி மாட்டினா நிக்கணுங்கற புத்தி அதுக்கு வராது." சாக்கில் சுற்றிய பழைய பேட்டரியைத் தூக்கிக்கொண்டவர் திரும்பிப் பார்த்துச் சொன்னார். "கத்துக்கற நேரத்துலயும் அதுக்குக் கண்ணு தெரியாது. பக்கத்துல யாரும் வராம பாத்துக்குங்க."

கார் அவளுடைய அண்ணனுடையது. கணவன் வீட்டை விட்டு மகளோடு அவள் இங்கே வந்து சேர்ந்ததிலிருந்து அண்ணன் வீடுதான் வீடு. அண்ணனும் அண்ணியும் வெளியூர் கிளம்பும்போது, "அப்பப்ப ஸ்டார்ட் மட்டும் பண்ணி வை. வேற எதையும் நோண்டாதே, அரைக்கிணறு," என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அரைக்கிணறு என்பது அண்ணன் வைத்த பெயர். பட்டப்படிப்பு, தையல் வகுப்பு, கல்யாணம் என்று எதைத் தொட்டாலும் பாதியில் விடுகிறவள் என்பதற்காக. அண்ணன் அதைச் சிரித்துக்கொண்டு செல்லமாகத்தான் சொல்வான். அண்ணி சிரிப்பாள், அதில் செல்லம் இருக்காது.

அந்த வீட்டில் அவளுக்கென்று தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள ஓர் அறை இல்லை. அழ வேண்டும் என்றால் சாவியை எடுத்துக்கொண்டு கீழே வந்து காருக்குள் உட்கார்ந்துகொள்வாள். அப்படி ஒரு நாள் அழுது முடித்து, முகத்தைத் துடைக்கப் போட்ட உள்விளக்கை அணைக்க மறந்து மேலே போய்விட்டாள். பேட்டரி செத்தது அதனால்தான். இதை எந்த வாயால் சொல்வது? சொல்லப் போவதில்லை என்று அப்போதே முடிவெடுத்துவிட்டாள்.

கடைக்காரரின் வண்டிச் சத்தம் சரிவில் ஏறித் தேய்ந்தது. கீழ்த்தளத்துக்குப் பகல் என்று ஒன்று கிடையாது. தூணுக்கு ஒன்றாக மாட்டியிருந்த குழல்விளக்குகளில் பாதி உயிரோடு இல்லை; ஈரச் சிமெண்டும் பழைய டயரும் எங்கோ சிந்திக் காய்ந்த டீசலும் கலந்த வாடை மூடிய கதவுகளையும் மீறி உள்ளே வந்தது, சுவரோரக் குழாய்க்குள் யாரோ வீட்டுக் குளியலறைத் தண்ணீர் நீளமாக இறங்கி, நின்று, மறுபடி சொட்டியது. அவள் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, கழுத்தை வளைத்து மேலே பார்த்தபடி சுவிட்சை முன்னால் தள்ளிப் பிடித்தாள்.

ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கண்ணாடியின் பின்பக்கம் மெல்லத் தூக்கியது. உதறியது. சொன்னபடியே எல்லாம் நடப்பதில் அவளுக்குச் சின்னதாக ஒரு தெம்பு வந்தது. மோட்டார் முனகிக்கொண்டே கண்ணாடியைப் பின்னால் இழுத்தது. திறந்த சதுரத்தில் கான்கிரீட் கூரையும் அதில் ஒட்டடை படிந்த ஒரு குழாயும் தெரிந்தன. கண்ணாடி கடைசிவரை போய் முட்டியது. கொஞ்சம் யோசித்தது. திரும்ப முன்னால் வரத் தொடங்கியது.

பாதி தூரம் வந்திருக்கும். சதுரத்தின் முன்விளிம்பில், கண்ணாடி வந்து சேர வேண்டிய இடத்தில், நான்கு விரல்கள் இருந்தன.

வெளியிலிருந்து விளிம்பைப் பற்றி உள்பக்கம் மடங்கிய விரல்கள். ஆண் விரல்கள். மோதிர விரலில் ஒரு மஞ்சள் பிளாஸ்டர். அதில் நீல நிறத்தில் சின்னச் சின்ன மீன்கள்.

காருக்கு வெளியே யாரும் இல்லை. பக்கக் கண்ணாடியில் தூண் தெரிந்தது. சுவர் தெரிந்தது. ஆள் இல்லை.

கண்ணாடி வந்துகொண்டிருந்தது.

கையை எடுக்கக் கூடாது. எடுத்தால் பாதி. விரல்கள் நகரவில்லை. காத்திருப்பவை போல. அவள் கத்தினாளா என்று தெரியவில்லை. கை தானாக விலகியது.

கண்ணாடி நின்றது. விரல்கள் இல்லை. குழாயில் தண்ணீர் சொட்டியது.

வெளியே இறங்கிச் சுற்றிப் பார்த்தாள். கூரையின் தூசியில் ஒரு தடமும் இல்லை. உடம்பை வெளியிலேயே வைத்துக்கொண்டு, கதவு வழியாகக் கையை மட்டும் உள்ளே நீட்டி சுவிட்சை ஒரு தட்டு தட்டினாள். கண்ணாடி வழுக்கிக்கொண்டு வந்து ஒழுங்காக மூடிக்கொண்டது. டொக் என்ற சத்தம் வரவில்லை. வந்ததாக நினைத்துக்கொண்டு படியேறினாள்.

மறுநாள் கடைக்காரர் கூப்பிட்டார். "முடிச்சிட்டீங்களாக்கா? சத்தம் வந்துச்சா?"

"வந்துச்சு."

"ஒரு துண்டைச் சுருட்டி நடுவுல வச்சு மூடிப் பாருங்க. தொட்டதும் கண்ணாடி பின்வாங்கணும்."

"பாத்துட்டேன். சரியா இருக்கு."

ஒரே மூச்சில் இரண்டு பொய். துண்டை எடுத்துக்கொண்டு லிஃப்ட் வரை போனாள். பொத்தானை அமுக்காமல் திரும்பி வந்து, அதே துண்டால் மகளின் தலையைத் துவட்டினாள். சோதித்துப் பார்க்காத வரை அது சரியாகத்தான் இருந்தது.

தூக்கத்தைக் கெடுத்தது விரல்கள் மட்டுமல்ல. அண்ணனுக்கு ஒரு வேடிக்கை உண்டு. புதிதாக யார் வந்தாலும் கீழே கூட்டிப்போய், கதவுப் படியில் ஏறி நின்று, மூடிக்கொண்டு வரும் சன்ரூஃபுக்கு நடுவே தன் கையைக் கொடுப்பான். கண்ணாடி தொட்டதும் பின்வாங்கும். "பாத்தீங்களா? கட்டின பொண்டாட்டிகூட இவ்வளவு பதவிசா நடந்துக்க மாட்டா," என்பான். வந்தவர்கள் சிரிப்பார்கள். சொல்லிவிட வேண்டும். வந்ததும் முதல் வேலையாக.

சனிக்கிழமை மாலை இருவரும் வந்தார்கள். அவள் முதலில் பார்த்தது அண்ணனின் கைகளைத்தான். பத்து விரலும் சுத்தமாக இருந்தன. அந்த நிம்மதியில் வாய் அடைத்துப்போனது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை மேல்வீட்டுக்காரர் வந்தார். இதே மாதிரிக் கார் ஒன்று வாங்கும் எண்ணத்தில் இருப்பவர். கூடத்தில் பேச்சு நடந்துகொண்டிருந்தபோது, ஊரிலிருந்து கொண்டுவந்த அட்டைப்பெட்டியைக் கத்தியால் கிழித்த அண்ணன் கையை உதறிக்கொண்டு சமையலறைக்கு வந்தான்.

"லேசாக் கீறிடுச்சு. ஏதாவது ஒட்டிவிடு."

"வழியில மருந்துக்கடையில உன் பொண்ணுக்குன்னு வாங்கினோமே, அதுல ஒண்ண எடுத்துச் சுத்து," என்றாள் அண்ணி, பாத்திரம் துலக்கிக்கொண்டே. "பை மேசை மேல இருக்கு."

பையில் கைவிட்டாள். மஞ்சள் பிளாஸ்டர். நீல மீன்கள்.

அண்ணன் நீட்டியிருந்தது வலது கையின் மோதிர விரல்.

"என்னடி, ரத்தத்தப் பாத்து மயங்கிடாதே. நீ பாதி சுத்திட்டு விழுந்தா மீதிய யாரு சுத்தறது?"

சுற்றினாள். விரல் சூடாக இருந்தது. மீன்கள் ஒன்றன் பின் ஒன்றாக வளைந்து போயின. "அண்ணா, அந்த சன்ரூஃப்..."

"என்ன, உடைச்சு வச்சிருக்கியா?" அண்ணி தண்ணீரை நிறுத்திவிட்டுத் திரும்பினாள். கூடத்திலிருந்து மேல்வீட்டுக்காரரும் எட்டிப் பார்த்தார்.

முகம் காதுவரை எரிந்தது. விளக்கு எதற்குப் போட்டாய்? காரில் எதற்கு உட்கார்ந்தாய்? எதற்கு அழுதாய்? கேள்விகள் அந்த வரிசையில் வரும். அந்நியர் முன்னால் வரும்.

"இல்ல அண்ணி. தூசியா இருக்குன்னு சொல்ல வந்தேன்."

"அதான பாத்தேன். சார், வாங்க, ஒரு வேடிக்கை காட்டறேன்," என்றான் அண்ணன். எப்போதும் சுவிட்சை அமுக்குவது அண்ணி. "எனக்கு வேலை கிடக்கு. உங்க தங்கச்சி சும்மாதான நிக்கறா," என்றாள். சாவி காற்றில் பறந்து வந்தது. அவள் பிடித்துக்கொண்டாள்.

கீழ்த்தளத்தில் அதே வாடை. குழாயில் அதே தண்ணீர். அவள் அதே இருக்கையில். சன்ரூஃபை முழுக்கத் திறந்தாள். அண்ணன் கதவுப் படியில் ஏறி நின்றான். அவன் இடுப்புப் பட்டை பக்கக் கண்ணாடியை அடைத்தது. மேல்வீட்டுக்காரர் தள்ளி நின்று கைகட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

முன்விளிம்பில் நான்கு விரல்கள் வந்து மடங்கின.

அதே இடம். அதே வளைவு.

"வேண்டாம் அண்ணா."

"அமுக்குடி. இன்னிக்காவது பாதியில விட்டுடாதே, அரைக்கிணறு."

அவளுக்கு ஒரு வழி தோன்றியது. சுவிட்சை லேசாக அமுக்கினால், கையை எடுத்ததும் கண்ணாடி நின்றுவிடும். அன்றைக்கு நின்றதே. விரலுக்கு ஒரு சாண் முன்னால் எடுத்துவிட்டால் போதும். அண்ணன் திட்டுவான், சிரிப்பான், இறங்கிவிடுவான். யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம். அவள் எதுவும் சொல்ல வேண்டாம்.

லேசாக அமுக்கினாள்.

மோட்டார் முனகியது. கண்ணாடி வந்தது. பாதி வந்தது.

கையை எடுத்தாள்.

கண்ணாடி நிற்கவில்லை.

சுவிட்சைப் பின்னால் தள்ளினாள். நிற்கவில்லை. இரண்டு கையாலும் தள்ளினாள். வாயைத் திறந்தாள். கையை எடு என்று சொல்ல வேண்டும். இரண்டே வார்த்தை. சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பான். அந்த ஒரு நொடி.

மீன்கள்.

டொக்.

அண்ணனின் வலது கையில் மோதிர விரலும் நடுவிரலும் இப்போது இல்லை. மருத்துவமனையில் முயன்று பார்த்தார்கள், ஒட்டவில்லை. கார் பட்டறைக்குப் போனது. பேட்டரியை யாராவது கழற்றினீர்களா என்று மெக்கானிக் கேட்டார். இல்லை என்றாள் அண்ணி. அண்ணிக்குப் பக்கத்தில் அவள் நின்றிருந்தாள்.

மெக்கானிக் சன்ரூஃபின் ரப்பர் இடுக்கைச் சுத்தம் செய்து, அதிலிருந்து எடுத்தவற்றை ஒரு காகிதத்தில் வைத்து நீட்டினார். நீல மீன் போட்ட மஞ்சள் பிளாஸ்டர் துண்டுகள் இரண்டு. ஒன்றில் ரத்தக்கறை புதிதாக இருந்தது. மற்றது பல நாள் காய்ந்து, தூசி படிந்து, மடிப்பில் வெடித்திருந்தது. அவள் ஒன்றுதான் சுற்றியிருந்தாள்.