முதலில் கை கழுவியவர்

போன் அலறியது.

"போலீஸ் அமைச்சர் செத்துட்டார்" என்றது குரல்.

"எந்த போலீஸ் அமைச்சர்?" என்று கேட்டாள் இன்ஸ்பெக்டர் செகாய்.

நியாயமான கேள்வி! ஈட்டிக் கட்சியும் கலப்பைக் கட்சியும் தேர்தலில் வெட்டிக்கொண்டு, பிறகு அதிகாரத்தைப் பங்குபோட்டு ஒப்பந்தம் எழுதிய நாடு அது. போலீஸ் இலாகாவை மட்டும் இருவரும் விடவில்லை.

ஒரு நாற்காலி... இரண்டு அமைச்சர்கள்!

போனவர் ஈட்டிக் கட்சியின் முசரூர்வா. மதியச் சாப்பாட்டு மேஜையில், சட்ஸா களி உருண்டையைக் கையில் பிடித்தபடியே சரிந்து கிடந்தார்.

சமைத்தவள் ருஃபாரோ. கலப்பைக் கட்சிக்காரி. வாசலில் ஈட்டி ஆட்கள் கம்போடு நின்றார்கள். அரை மணிக்குள் அவளை ஒப்படைக்காவிட்டால் கதவை உடைப்பார்களாம். செகாய் அவர்களைத் தாண்டி உள்ளே போய்க் கதவைத் தாழிட்டாள்.

"அழாம சொல்லுங்க அத்தே. ரெண்டு பேருக்கும் ஒரே தட்டா?"

"ஒரே தட்டுதாம்மா, ஒப்பந்தப்படி. எங்க அமைச்சர் சிகொம்போவும் அதுலதான் சாப்பிட்டார்."

அப்படியானால் விஷம் சாப்பாட்டில் இல்லை...

"முதல்ல கை கழுவினது யாரு?"

ருஃபாரோவின் அழுகை நின்றது.

பெரியவர்தான் முதலில் கழுவ வேண்டும். யார் பெரியவர் என்று ஏழு மாதமாகத் தினமும் சண்டை, களி ஆறிப்போகும். இன்று மட்டும் சிகொம்போ சிரித்துக்கொண்டே செம்பை வாங்கி, முசரூர்வாவின் கையில் தானே தண்ணீர் ஊற்றினாராம். தனக்கு வேறு செம்பில் தண்ணீர் கேட்டாராம்.

அரசியல்வாதி விட்டுக்கொடுத்தாரா? செகாய் செம்பைக் கவிழ்த்தாள். அடியில் வெள்ளைத் தூள்!

ஒப்பந்தப்படி ஒருவர் செத்தால் இலாகா முழுக்க மற்றவருக்கு. கொலைக்கு அது போதும்.

ஆனால் ஒரு சிக்கல். வாரண்ட்டில் இரண்டு அமைச்சர்களும் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் பிணம்... இன்னொருவர் கொலைகாரர்!

செகாய் அவசரமாக ஒரு வாரண்ட்டை எழுதிக்கொண்டு சிகொம்போவின் அறைக்குள் நுழைந்தாள்.

"கைது வாரண்ட் ஐயா. செத்தவர் இடத்துலயும் நீங்கதான் போடணும்."

"கையெழுத்துல மேல யார் பேரு?"

ஏழு மாதமாக எந்தக் காகிதத்திலும் அவர் பார்த்தது அதை மட்டும்தான்.

"மேலயும் நீங்க, கீழயும் நீங்க."

அவர் முகம் மலர்ந்தது. பாவம் அந்தச் சமையல்காரி என்று உச்சுக்கொட்டியபடி, இரண்டு இடத்திலும் இழுத்துப் போட்டார்.

செகாய் விலங்கை எடுத்தாள்.

"இது யாருக்கு?" என்றார்.

"நடுவுல இருக்கிற பேரை நீங்க படிக்கல ஐயா. அதுவும் உங்களோடதுதான். இதுல மட்டும் யாரும் பங்கு கேட்டு வரமாட்டாங்க."