மடங்காத சீட்டு

உலு திராமில் காளிதாஸின் வொர்க்‌ஷாப்புக்கு நான் போனபோது மழை விட்டிருந்தது. என் சிவப்புக் கார் வேலை முடிந்து வாசலில் நின்றது. பழைய இத்தாலிய கூப்பே. இரண்டே கதவு. முன்சீட்டை மடக்கினால்தான் பின்னால் ஏற முடியும். என் வண்டியில் அதற்கும் வழியில்லை. எனக்கு முன்னால் வைத்திருந்தவன் ரேஸ்காரன் கணக்காக இரண்டு பக்கெட் சீட்டுகளைப் பூட்டியிருந்தான். அவை மடங்காது. என் மகள் லோஷினி நடு இடுக்கில் நுழைந்துதான் பின்னால் போவாள்.

மீனலோசனி செத்துப்போன பிறகு வாங்கிய வண்டி அது. பெண்டாட்டி செத்தவன் அழ வேண்டும். எனக்கு அழுகை வரவில்லை. ஸ்பிரிங்கைத் தாழ்த்தினேன், எக்ஸாஸ்ட்டை மாற்றினேன். கையில் ஸ்பேனர் இருந்தால் பொழுது போனது. காசைக் கரியாக்குகிறான் என்று அக்கா திட்டினாள். திட்டட்டும்.

காளிதாஸ் சாவியை நீட்டினான். கையை விடவில்லை.

"அண்ணே, ஒண்ணு கேக்கட்டா? வண்டிய நிப்பாட்டுனா முதுகுல ஏதாச்சும் படுதா?"

பட்டது. முதல் நாளே பட்டது. என்ஜினை அணைத்ததும் சீட்டின் முதுகைச் சின்னக் கால்கள் உதைக்கும். லோஷினி பின்னால் இருந்தால் அவள்தான் என்று நினைத்துக்கொள்வேன். அவள் இல்லாத நாட்களில் எதுவும் நினைக்க மாட்டேன்.

"படுது" என்றேன்.

"அலமாக்! சொல்ல மாட்டீங்களா?"

"சொல்லி என்னடா ஆகப்போவுது?"

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். "வித்த புரோக்கரப் பிடிச்சுக் கேட்டேன். மாசாய்ல ஒரு ஃபேக்டரி கார்பார்க். பையன் பின்னால தூங்குறத மறந்துட்டு அப்பன்காரன் எறங்கி வேலைக்குப் போயிட்டான். மத்தியான வெயில், கண்ணாடி மூடிருக்கு. குட்டிப் பையன்ணே. சீட்டத் தள்ளிப் பாத்திருக்கான், அது மடங்கல."

சீட்டின் பின்பக்கத்தைக் காட்டினான். கீழே ஓர் இடத்தில் துணி நைந்து நூல் நூலாகத் தொங்கியது. பாவம் என்று நினைத்தேன். அதற்கு மேல் எனக்குள் ஒன்றும் ஓடவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் வீட்டில் லோஷினியைக் காணவில்லை.

வாசலில் வெயிலில் நின்ற காருக்குள் இருந்தாள். கண்ணாடிகள் மூடியிருந்தன. பின்சீட்டின் ஓரத்தில், பக்கத்தில் யாருக்கோ இடம் விட்டவள்போல் ஒடுங்கி, பெல்ட்டும் போட்டிருந்தாள். தலைமுடி நனைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது. உதடு வெளுத்திருந்தது.

"என்னடி பண்ற உள்ள!"

"அவனுக்குத் தனியா இருக்க பயமா இருக்காம்பா."

நடு இடுக்கு வழியாக அவளை வெளியே இழுத்தேன். மீனலோசனி போனபோதுகூட நான் இப்படிப் பயந்ததில்லை. இவளும் போய்விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

வண்டியை விற்றுவிடுகிறேன் என்று காளிதாஸுக்குப் போன் செய்தேன்.

"வாங்குறவன் வீட்லயும் பிள்ள இருக்கும்லா" என்றான். "இருங்க, மடங்குற சீட்டு தேடிப் போடுறேன். அவன எறக்கி விட்டுடுவோம்."

சீட்டைப் போட்டு, அந்தப் பழைய கார்பார்க்கிற்கே போனோம். பகல்தான். வெயில் கொளுத்தியது.

"அண்ணே, சாவு வீட்ல சொல்லிக்காமத்தானே கெளம்புவோம்? அதேதான். கதவத் தொறங்க, சீட்ட மடக்குங்க, வாயத் தொறக்காம திரும்பி நடங்க."

கதவைத் திறந்தேன். சீட்டை மடக்கினேன்.

ஒன்றுமில்லை.

பிறகு சுட்ட ரப்பர் வாசனை வந்தது. கூடவே பிஸ்கட் வாசனை. விளையாடிவிட்டு வந்த பிள்ளையின் தலை வாசனை.

என் தொடையை உரசிக்கொண்டு சூடாக ஏதோ இறங்கியது.

கதவைப் பிடித்தபடி நின்றேன். தினமும் காலையில் பள்ளிக்கூட வாசலில் லோஷினிக்காக இப்படித்தான் நிற்பேன். நான் நினைப்பதற்குள் வாய் சொல்லிவிட்டது.

"பாத்துப் போயிட்டு வாய்யா."

காளிதாஸ் தலையில் கை வைத்துக்கொண்டான்.

அதன்பின் உதை நின்றது. வண்டி வெறும் வண்டியானது. அப்பாடா என்று இருந்தது.

நேற்றுச் சாயங்காலம் லோஷினியை டியூஷனிலிருந்து கூட்டி வந்தேன். நல்ல மழை. வீட்டு வாசலில் என்ஜினை அணைத்துச் சீட்டை மடக்கினேன். அவள் இறங்கி, சீட்டைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.

"நனையிறியே, கதவ மூடும்மா."

"இருங்கப்பா. அவன் எறங்கட்டும்."

"யாரு?"

"நீங்கதானே அவனப் போயிட்டு வரச் சொன்னீங்க?"

அன்றைக்கு அவள் அங்கே இல்லை. நானும் அவளிடம் சொல்லவே இல்லை.

ஒரு கையைப் பக்கவாட்டில் நீட்டியபடி வீட்டுக்குள் போனாள். சோறு போட்டுக் கொடுத்து எதிரே உட்கார்ந்தேன். என் நாற்காலியின் முதுகில் மெதுவாக ஓர் உதை விழுந்தது. லோஷினியின் கால்கள் மேசைக்கு அந்தப் பக்கம் தொங்கிக்கொண்டிருந்தன.

எல்லா ஜன்னலும் திறந்திருந்தது. மழைச் சாரல் தரையை நனைத்தது. ஃபேன் முழு வேகத்தில் சுற்றியது.

அவள் தலைமுடி நனைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது. மழைத் தண்ணீர் என்று துடைத்துவிட்டேன். மறுபடி அரும்பியது. தொட்டுப் பார்த்தேன், சுட்டது.

"அப்பா" என்றாள், உதடு வெளுத்து. "கண்ணாடிய எறக்குங்கப்பா."