பசித்த பொடி

மார்ச் 12. இன்று ஒரு சின்னத் தவறு. உலை முழுதாக ஆறுவதற்குள் குழாயைத் திறந்துவிட்டேன். பொடி சட்டைக் கையில் பட்டது. தட்டிவிட்டேன். தட்டியது போதுமா, தெரியவில்லை.

மாலை வகுப்பு முடிந்து வந்து அக்கா நாட்குறிப்பில் இவ்வளவுதான் எழுதியிருந்தாள். தங்கை, காதுக்கு மேலே தலையில் ஒட்டியிருக்கும் செவிக்கருவியின் வட்ட வில்லையைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"அக்கா, இது கேக்கவே மாட்டேங்குது. நீ மீன் மாதிரி வாயை வாயைத் திறக்கிற."

பிறவியிலேயே காது கேளாத பிள்ளை. மண்டைத்தோலுக்கு உள்ளே ஒரு காந்தம், வில்லையில் ஒரு காந்தம். இரண்டும் ஒட்டிக்கொண்டால்தான் ஒலி, அலையாகித் தோலைத் தாண்டும். அக்காவின் குரலை அவள் கேட்க ஆரம்பித்தே இரண்டு வருடம்தான்.

வில்லையின் அடியில் கறுப்பாக, மயிர்போல ஏதோ சிலிர்த்து நின்றது.

அக்கா தன் சட்டைக் கையைப் பார்த்தாள். பகலெல்லாம் ஆய்வகத்தில் அவள் செய்வது அதைத்தான்: நுண்ணிய இரும்புத் துகளுக்குக் கரிப் போர்வை. கைபேசியோ வில்லையோ, எதன் மின்காந்த அலை பட்டாலும் திரும்பாது, பொடியே விழுங்கிவிடும். 'நம்ம பொடி பொல்லாத பசிக்காரன்மா' என்பார் உலைக்காரர். வகுப்புக்குப் போகுமுன் தங்கைக்குத் தலைவாரியது இந்தச் சட்டைக் கையோடுதான்.

ஒட்டுநாடாவால் ஒற்றி ஒற்றி எடுத்து, வில்லை பளிச்சென்று ஆனதும் மறுபடி பொருத்தினாள். கழற்றிப் பார்த்தால் அதே கறுப்பு, முன்னைவிட அடர்த்தியாக. அறையில் காய்ந்த இரும்பின் வாடை. வேலைக்குப் போயிருந்த அம்மாவை அழைத்தால் கைபேசியில் மணிகூட அடிக்கவில்லை.

மறுபடி துடைத்தாள். மறுபடி கறுப்பு.

வெளியிலிருந்து ஒட்டவில்லை அது.

"வலிக்குதாடி வாலு?" என்று வாயசைத்துக் கேட்டாள்.

"இல்ல. கதகதன்னு இருக்கு." தங்கை தலையைச் சாய்த்தாள். வில்லை மேசையில்தான் கிடந்தது. "அக்கா, அம்மா ஏன் கத்துறாங்க? 'ரெண்டு பேரும் போனை எடுங்கடி'ன்னு."

"எங்கே?"

"உள்ளே. நிறையப் பேர் கத்துறாங்க. ஒருத்தர் மட்டும் மெதுவாப் பேசறாரு."

"என்னடி சொல்றாரு?"

"பத்தலையாம். நீ இன்னும் பொடி கொண்டுவரணுமாம். கொண்டுவந்தா உன் குரலை எனக்குத் திருப்பித் தருவாராம்."

தங்கையைத் திருப்பி, விரல்களால் முடியை விலக்கினாள். தோல் கிழியவில்லை. ரத்தமில்லை. மயிர்க்கால்கள் தோறும் கறுப்பு ஊசிகள். மெல்ல வளர்ந்தன. அத்தனையும் அவள் சட்டைக் கையை நோக்கி வளைந்தன.

"கண்ணம்மா," என்றாள், முதுகுக்குப் பின்னாலிருந்து. இன்னொரு முறை, தொண்டை கிழிய.

தங்கை திரும்பவில்லை. வேறு யாருக்கோ தலையாட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அக்கா பேனாவை எடுத்தாள். ஊசிகள் பேனாவின் பக்கம் சாய்ந்தன.

நாளை: காலையில் முதல் ஆளாகப் போய் உலையை ஏற்ற வேண்டும். ஒரு குடுவை நிறையப் பொடி வீட்டுக்கு.